என்கிற

வங்கிக் குமாஸ்தாவின் பாஷையில் தத்துவ கனம் கொண்ட சொல் ஒன்றே ஒன்றுதான் உண்டு. 'என்கிற.' முருகேசன் என்கிற முருகன். லட்சுமி என்கிற லூர்து மேரி. கணக்கில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் வேறொரு பெயர், இறப்புச் சான்றிதழில் மூன்றாவதாக ஒன்று. மூன்றும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக்கொண்டு வரச் சொல்கிறோம். கொண்டு வருகிறார்கள். முத்திரை விழுந்ததும் மூன்று பேர் ஒருவராகிவிடுகிறார்கள். திரித்துவத்தை விளக்க இறையியலாளர்கள் நூற்றாண்டுக் கணக்கில் பட்ட சிரமம் எங்கள் கவுண்டரில் அரைமணி நேர வேலை.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் கிளையில் கணக்கு வைத்திருந்த ஒரு முதியவர் இறந்துபோனார். தேதி தவறாமல் வருகிறவர். படிவம் நிரப்ப யார் உதவியையும் கேட்டறியாதவர். கையெழுத்து அச்சுக் குத்தினாற்போல் இருக்கும். நாமினி அவர் மனைவி. காகிதங்கள் ஒழுங்காக இருந்தன, பணம் கைமாறியது. விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்துத் தெற்கேயிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். கையில் பழைய பள்ளிக்கூடக் குழுப்படம் ஒன்று. மூன்றாம் வரிசையில் ஓரமாக நிற்கும் பையனைக் காட்டினார். அவனுக்கு வேறு பெயர்.

"எங்க சித்தப்பா, சார். பதினேழு வயசுல வீட்டை விட்டுப் போனவர். இந்த ஊர்ல கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல எங்க அப்பா ஜாடையிலே ஒரு முகம் இருக்குன்னு ஒருத்தர் சொன்னார். வந்து பார்த்தா அதுக்கு மேல சினிமா போஸ்டர் ஒட்டியாச்சு. பணமெல்லாம் வேண்டாம். அந்த அம்மாவையும் தொந்தரவு பண்ணலை. உங்ககிட்ட இருக்கிற போட்டோவை மட்டும் ஒரு தடவை காட்டினீங்கன்னா, அவர்தானான்னு பார்த்துட்டுப் போயிடுவேன்."

வாடிக்கையாளர் விவரங்களை மூன்றாம் மனிதருக்குக் காட்டக்கூடாது. விதி என் பக்கம் இருந்தது. விதி நம் பக்கம் இருக்கும்போது ஏற்படும் நிம்மதி கொஞ்சம் அசிங்கமானது, ஆனாலும் நிம்மதிதான். முடியாது என்றேன். ஆனால் அவர் தன் ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் சொன்ன மாத்திரத்திலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டிருந்தது. நம் நாட்டில் சில தெருக்களிலிருந்து கிளம்புகிறவன் பெயரையும் அங்கேயே விட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டியிருக்கிறது. கிளம்பி, வேறொரு ஊரில், வேறொரு பெயரில், அச்சுக் குத்தினாற்போல் கையெழுத்துப் போட்டு நாற்பது வருஷம் யாரோவாக வாழ்ந்து முடித்த ஒருவரின் முகத்தைத் திறந்து காட்ட எனக்கு என்ன உரிமை? இது விதியைவிட நல்ல காரணமாகத் தோன்றியது. இப்போது அவ்வளவு நிச்சயமாகத் தோன்றவில்லை.

இந்த மனநிலையில் இருக்கும்போதுதான் 'தர்மாலன் டானா' என்ற ஆங்கிலப் புத்தகத்தைப் படித்தேன். ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் பதிப்பகம் 2014இல் வெளியிட்டது. ஜார்ஜ் நெல்சனும் ராபின் நெல்சனும் எழுதியது. ஆஸ்திரேலியப் பூர்வகுடி மனிதர் ஒருவர் தன் பூர்வகுடி முன்னோரையும் இந்திய முன்னோரையும் 73 வருஷங்கள் தேடிய கதை என்று உபதலைப்பே சொல்லிவிடுகிறது. 73 வருஷத்தைத் தேடலின் கால அளவு என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அது ஒரு ஆயுள். தேடப்பட்டவர் தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ் என்ற பள்ளிக்கூட வாத்தியார்.

பி.ஏ. ஆங்கிலம் படித்த எனக்கு ஆஸ்திரேலியா என்பது வெகுகாலம் டிக்கன்ஸின் மேக்விட்ச் ஆடு மேய்த்துப் பணம் சேர்த்து அனுப்பும் இடமாக மட்டுமே இருந்தது. தன்னைக் கனவானாக்கிய பணம் ஒரு நாடுகடத்தப்பட்ட கைதியுடையது என்று தெரிந்ததும் பிப் அருவருத்து நடுங்கும் கட்டத்தைப் பரீட்சைக்காக நெட்டுருப் போட்டிருக்கிறேன். வேண்டாத மூதாதை வாசற்படியில் வந்து நிற்கும் அவலம் அது. நெல்சன்களின் புத்தகம் இதைத் தலைகீழாக்குகிறது. இங்கே மூதாதை வரவே மறுக்கிறார். பேரர்கள் தீவு தீவாகப் போய்த் தேட வேண்டியிருக்கிறது.

ஜேம்ஸ் 1859இல் மொரீஷியஸில், மோக்காவில் பிறந்தவர். பெற்றோர் இந்திய வம்சாவளியினர். குடும்பப் பெயர் பீர்சாகிபு. அந்தத் தீவுக்கு 1834 முதல் கரும்புத் தோட்டங்களுக்காக இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாக ஆள் கொண்டுபோய் இறக்கினார்கள். ஏறக்குறைய நாலரை லட்சம் பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், ஜாதி, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு. பின்னாளில் புகைப்படமும் சேர்ந்தது. யாருடைய குலப்பெருமையைக் காப்பாற்றுவதற்காகவும் எழுதி வைக்கப்பட்டவையல்ல இவை. ஒப்பந்தத்தை மீறி ஓடினால் ஆளை அடையாளம் கண்டு பிடிப்பதற்காக எழுதப்பட்டவை. இன்று இந்தப் பதிவேடுகள் அதே மோக்காவில், மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. உலகின் பல மூலைகளிலிருந்தும் பேரப்பிள்ளைகள் வந்து பாட்டனின் எண்ணைத் தேடுகிறார்கள். தப்பியோடுபவனைப் பிடிப்பதற்கான கருவி இப்போது மூதாதையைக் கண்டடைவதற்கான கருவி. உபயோகம் மாறியதால் கருவியின் சுபாவமும் மாறிவிடுமா என்பது எனக்குத் தீராத சந்தேகம்.

ஜேம்ஸின் தகப்பனார் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். அப்படிப்பட்ட ஒரு தீவில் அந்த வேலைக்கு என்ன அர்த்தம் என்று யோசிக்க வேண்டும். கூலியின் முறையீடு நீதிபதியை எட்டுவதும் நீதிபதியின் தண்டனை கூலியை எட்டுவதும் இவர் வாய் வழியாக. இரண்டு தரப்பிலும் உட்கார இடமில்லாமல் நடுவில் நின்றுகொண்டே இருக்கும் வேலை. தாய் இறந்து, தகப்பனார் மறுமணம் செய்துகொண்ட பிறகு மகன் கப்பலேறினார். ஆஸ்திரேலியாவில் மருத்துவம் படிக்க நினைத்தவர், டைஃபாய்டு கண்டு கை நடுக்கம் நிலைத்துவிட்டதால் அதைக் கைவிட்டார் என்பது குடும்பம் சொல்லி வந்திருக்கும் கதை. இதற்குள் பீர்சாகிபு என்ற பெயரும் கைவிடப்பட்டிருந்தது.

1881 ஜனவரியில் மெல்போர்னுக்கு அருகே பிரைட்டன் கடற்கரையில் மாலோகா மிஷனைச் சேர்ந்த பூர்வகுடிகள் கூடாரமடித்திருந்தார்கள். மாலோகா, மரே நதியின் நியூ சௌத் வேல்ஸ் கரையில் டேனியல் மாத்யூஸ் என்பவர் 1874இல் ஆரம்பித்த இடம். 21 வயது ஜேம்ஸ் அந்தக் கூடாரங்களுக்குப் போய், பாடம் சொல்லித் தருகிறேன் என்று தானாக முன்வந்தார். முதல் இரண்டு வருஷங்கள் சம்பளமில்லை. 1885இல் மாலோகாவைச் சேர்ந்த ஏடா கூப்பர் என்ற யோர்ட்டா யோர்ட்டாப் பெண்ணை மணந்தார். 1888இல் ஜனங்கள் மாலோகாவை விட்டுக் கொஞ்ச தூரத்திலிருந்த கம்மரகுஞ்சாவுக்குப் பெயர்ந்தபோது பள்ளிக்கூடமும் பெயர்ந்தது. 1922 வரை அங்கே வாத்தியார். பிறகு மூலிகை வைத்தியம். 1946இல் ஷெப்பர்ட்டனில் இறந்தார். புதைக்கப்பட்டது கம்மரகுஞ்சாவில்.

இந்தப் பெயர்களை ஒரு குமாஸ்தாவின் கண்ணால் பார்க்கிறேன். ஷாட்ராக் என்பது நம் தமிழ் வேதாகமத்தில் சாத்ராக். தானியேலின் புத்தகத்தில் அக்கினிச் சூளையில் போடப்பட்டும் வேகாமல் வெளியே வந்த மூவரில் ஒருவன். வேகாமல் வந்தது எல்லோருக்கும் ஞாபகமிருக்கிறது. சாத்ராக் என்பது அவன் பெயரே இல்லை என்பது மறந்துவிடுகிறது. அவன் பெயர் அனனியா. பாபிலோனுக்குச் சிறைப்பிடித்துக்கொண்டு போன இடத்தில் அரண்மனைப் பிரதானி வைத்த பெயர் சாத்ராக். நெருப்பு தொடாத அவனைப் பெயர் மாற்றம் தொட்டுவிட்டது. விசுவாசிகளே அவனை இன்றுவரை எஜமானன் வைத்த பெயரால்தான் அழைக்கிறார்கள். மொரீஷியஸில் ஒரு பீர்சாகிபு குடும்பத்தில் இந்தப் பெயரைப் பிள்ளைக்குத் தேர்ந்தவர்கள் இதையெல்லாம் நினைத்திருக்கமாட்டார்கள். நினைக்காமல் செய்யும் காரியங்களில்தான் சரித்திரம் தன் கைநாட்டை வைக்கிறது.

அடுத்தது ஜேம்ஸ். அது அவர் தகப்பனாரின் பெயர்: ஜேம்ஸ் பீர்சாகிபு. மகன் குடும்பப் பெயரைக் கழற்றிவிட்டுத் தகப்பன் பெயரைப் பின்னால் மாட்டிக்கொண்டார். அதாவது நம் இனிஷியல். தகப்பன் பெயரின் முதலெழுத்தைச் சுமந்து திரியும் நம் வழக்கத்தை முழுப் பெயராக விரித்து, முன்னாலிருப்பதைப் பின்னால் வைத்துக்கொண்டால் தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ். இதைக் கண்டுபிடித்தவுடன் எனக்கு உண்டான சந்தோஷம் அளவு கடந்தது. வெள்ளைக்காரத் தேசத்துக்குப் போய் வெள்ளைக்காரப் பெயர் வைத்துக்கொண்டதாகத் தோன்றுகிறவர் உண்மையில் தமிழ் வழக்கப்படி இனிஷியல் வைத்துக்கொண்டார்! ஒரு ராத்திரி முழுக்க இந்த எண்ணத்தோடு புரண்டேன். காலையில் அந்தச் சந்தோஷத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. பெயரை உதறிவிட்டுப் போன ஒருவரை, 'உதறவில்லை, பாருங்கள், இதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது' என்று பின்னாலேயே ஓடிப்போய்ப் பிடிக்கும் என் அவசரம் எங்கிருந்து வருகிறது? பதிவேட்டில் தழும்பைக் குறித்து வைத்த எழுத்தனுக்கும் எனக்கும் எவ்வளவு தூரம்?

இந்த அவசரம் என் ஒருவனுடையதல்ல. நம்மிடையே இது ஒரு தொழிலாகவே நடக்கிறது. எங்கோ ஒரு தூர தேசத்தில் ஒரு பெயர் தட்டுப்பட்டால் போதும், மேடை போட்டு, மாலை போட்டு, 'தமிழன்' என்று முத்திரை குத்திவிடுவோம். பூர்வகுடிகளுக்கு எழுத்தறிவித்த தமிழன்! பீர்சாகிபு என்ற பெயர் நம் காதுக்குப் பழகியது என்பதும், மொரீஷியஸ் கப்பல்கள் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கிளம்பின என்பதும் இந்த ஜோடனைக்கு வசதியானவை. ஆனால் அந்த மனிதர் உள்ளூரில் நாலு வீடு தள்ளி வசித்திருந்து, மதம் மாறிய குடும்பத்தில் பிறந்து, ஊரால் ஒதுக்கப்பட்ட ஜனத்தோடு போய்க் குடியேறி, அங்கேயே பெண் எடுத்துக்கொண்டிருந்தால் அவரை நம்மவர் என்று எத்தனை பேர் சொல்லியிருப்போம்? தூரத்தில் இருப்பவனிடம் மட்டும் உரிமை கொண்டாடுவது செலவில்லாத உறவு.

ஆக, விட்டுப்போகும் உரிமை என்று ஒன்று இருக்கிறது. அதை மதிக்க வேண்டும் என்று நான் தெற்கத்திக்காரரிடம் எடுத்த நிலையை ஜேம்ஸின் கதை உறுதிப்படுத்துவதாகத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் புத்தகத்தின் மறுபக்கத்தில் நிற்பவர்கள் யாரென்று பார்த்தால் இந்த நியாயம் ஆட்டம் காண்கிறது.

ஏடா கூப்பரின் ஜனங்களிடம் நடந்தது என்ன? 1886இல் விக்டோரியாவில் ஒரு சட்டம்: கலப்பினத்தவர் என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் 34 வயதுக்குட்பட்டவர்கள் மிஷன்களில் இருக்கக் கூடாது, வெளியேற வேண்டும். 1909இல் நியூ சௌத் வேல்ஸில் ஒரு சட்டம். 1915இல் அதற்கு ஒரு திருத்தம். அதன்படி கோர்ட் விசாரணை எதுவும் இல்லாமல் பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக்கொண்டு போகலாம். கம்மரகுஞ்சாவிலிருந்து பெண்குழந்தைகள் கூட்டமண்ட்ரா விடுதிக்குக் கொண்டுபோகப்பட்டு, வீட்டு வேலைக்காரிகளாகப் பழக்கப்பட்டார்கள். யாருடைய ரத்தம் முழுசு, யாருடையது அரை, யாருடையது கால் என்று உத்தியோகஸ்தர்கள் பின்னக் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கின்படி ஒருவன் குடியிருப்பில் தங்கலாமா, ரேஷன் பெறலாமா, தன் பிள்ளையைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்பதெல்லாம் தீர்மானமாயின. இந்தச் சூழலில் 'உங்கள் தாத்தா எந்த ஊர்?' என்பது அப்பாவித்தனமான கேள்வியாக இருக்க முடியாது. வெளியிலிருந்து வந்த ஒரு பாட்டனைக் குறிப்பிடுவது என்பது பின்னத்தின் கீழெண்ணைப் பெரிதாக்குவது. போதாததற்கு 1901இல் வெள்ளை ஆஸ்திரேலியாவுக்கான குடிவரவுச் சட்டம். 1902இல் வந்த வாக்குரிமைச் சட்டம் ஆஸ்திரேலியப் பூர்வகுடியோடு ஆசியாவின், ஆப்பிரிக்காவின் பூர்வகுடிகளையும் சேர்த்தே வெளியே நிறுத்தியது. 20 வருஷமாக வாத்தியாராக இருந்தவரின் இரண்டு பக்கமும் சுவர் எழும்பிவிட்டது. வீட்டில் பூர்வீகத்தைப் பற்றிப் பேச்சுக் குறைந்திருந்தால் ஆச்சரியம் என்ன?

அவர் பேசாமல் விட்டது அவர் சுதந்திரம் என்று வைத்துக்கொண்டாலும், பேரர்களிடம் வந்து சேரும்போது அது வேறொன்றாகிவிடுகிறது. குழந்தைகளைப் பிடுங்கி, பெயரை மாற்றி, தாய்மொழியைத் தடுத்து, ஒரு ஜனத்தையே 'எங்கிருந்தோ வந்தவர்கள்' ஆக்க முனைந்த ராஜ்யத்தில், அந்த ஜனத்தின் பிள்ளைக்கு ஒரு பாட்டனைப் பற்றித் தெரியாமலிருப்பது பறிப்பின் மேல் இன்னொரு பறிப்பு. அவரே உதறியதும் மற்றவர்களிடமிருந்து பிடுங்கப்பட்டதும் பேரனின் கையில் ஒரே வெற்றிடமாகத்தான் வந்து சேருகின்றன. எது எது என்று பிரித்தறிவதற்கே ஒரு ஆயுள் வேண்டியிருக்கிறது. 73 வருஷத்தின் அர்த்தம் இதுதான் என்று நினைக்கிறேன். பெயரை உதறியவனுக்குத் தன் பெயரை உதறும் உரிமை உண்டு. தன் சந்ததி அதைத் தேடாமல் இருக்க வேண்டும் என்று கட்டளையிடும் உரிமை அதில் அடங்குமா? அடங்காது என்றுதான் இப்போது எனக்குப் படுகிறது. அவன் தன்னை மட்டும்தான் விடுவித்துக்கொள்ள முடியும்.

வம்சாவளி ஆராய்ச்சி என்றால் நமக்கு ஓய்வூதியக்காரர்களின் பொழுதுபோக்கு. ஜாதிச் சங்க மலருக்குக் கட்டுரை. யோர்ட்டா யோர்ட்டா மக்களுக்கு அது கோர்ட் கட்டளை. தங்கள் நிலத்துக்கு உரிமை கேட்டு அவர்கள் தொடுத்த வழக்கில் 1998இல் நீதிபதி ஓல்னி தீர்ப்பளித்தார். வழக்குத் தொடுத்தவர்கள் வெள்ளையர் ஆட்சி வந்த காலத்தில் அந்த மண்ணில் இருந்தவர்களிடமிருந்து தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்ததைக் காட்ட வேண்டியிருந்தது. முன்னிறுத்தப்பட்ட 18 முன்னோர்களில் இருவர் விஷயத்தில்தான் தொடர்பு நிரூபணமானதாக அவர் ஒப்புக்கொண்டார். அந்த இருவரில் ஒருவர் கிட்டி. ஏடா கூப்பரின் தாய்; நம் வாத்தியாரின் மாமியார். வம்சம் நிரூபணமாயிற்று. நிலம் கிடைத்ததா? இல்லை. அவர்களுடைய பாரம்பரிய வாழ்வை வரலாற்றின் வெள்ளம் என்றோ அடித்துக்கொண்டு போய்விட்டது என்று தீர்ப்பாயிற்று. 2002இல் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டை நிராகரித்தது.

அதற்கு நீதிபதி எடுத்துக்கொண்ட சாட்சியங்களைப் பார்க்க வேண்டும். அவர்களின் வாய்மொழி நினைவைவிட, அந்த நிலத்தில் ஆடு வளர்க்க வந்த எட்வர்ட் கர் என்ற வெள்ளைக்காரர் எழுதிய புத்தகம் அவருக்கு நம்பகமாக இருந்தது. இன்னொரு சாட்சியம் 1881இல் மாலோகாவிலிருந்து 42 ஆண்கள் கையெழுத்திட்டுக் கவர்னருக்கு அனுப்பிய மனு. எங்கள் நிலமெல்லாம் போய்விட்டது, வேட்டைக்கு வழியில்லை, உழுது பிழைக்கக் கொஞ்சம் நிலம் கொடுங்கள் என்று கேட்ட மனு. பழைய வாழ்க்கையைத் தாங்களே விட்டுவிட்டதற்கு இதுவே ஒப்புதல் என்று 117 வருஷம் கழித்து அர்த்தம் பண்ணப்பட்டது. பறித்துக்கொண்டான் என்று எழுதிக் கொடுத்தால், பறிபோனதை ஒப்புக்கொண்டாய் என்று ரசீது! வங்கியில் இருப்பவனுக்கு இது கொஞ்சம் பரிச்சயமான தர்க்கம்தான்.

ஜேம்ஸ் மாலோகாவுக்கு வந்த அதே வருஷம் எழுதப்பட்ட மனு அது. இங்கேதான் வாத்தியாரைப் பற்றி ஒரு கடுமையான கேள்வியைத் தவிர்க்க முடியாது. அவர் கொடுத்தது என்ன? ஆங்கிலம், பைபிள், கணக்கு. மிஷன் பள்ளிக்கூடம் என்பது பேரரசின் தோட்டக்கொல்லை. மரே நதிக்கரையில் ஒரு மொழி தேய்ந்துபோனதில் கரும்பலகைக்குப் பங்கில்லை என்று யாரும் சொல்ல முடியாது. காலனி நாட்டிலிருந்து வந்த ஒருவர், தன் பெயரை ஆங்கிலமாக்கிக்கொண்ட ஒருவர், இன்னொரு காலனி ஜனத்துக்கு ஆங்கிலத்தைப் புகட்டினார். தகப்பனார் நின்ற அதே நடு இடம். பி.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டுத் தமிழில் விமர்சனம் எழுதிக்கொண்டிருக்கும் நான் இதை உரத்த குரலில் சொல்ல லாயக்கற்றவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனாலும் விஷயம் அங்கே முடியவில்லை. பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு மூன்றாம் வகுப்புத் தரத்துக்கு மேல் படிப்பெதற்கு என்று ராஜ்யம் தீர்மானித்திருந்த காலத்தில், பள்ளி நேரம் கழிந்தபின் பெரியவர்களுக்கும் இளைஞர்களுக்கும் தன் வீட்டிலேயே பாடம் நடத்தினார். 'படிப்பாளிகளின் குடிசை' என்று அதற்குப் பெயர் வந்தது. அங்கே எழுத்துக் கூட்டியவர்களில் அவருடைய மைத்துனர் வில்லியம் கூப்பரும் ஒருவர். கிட்டத்தட்ட வாத்தியாரின் வயதுக்காரர். 1930களில், எழுபது வயதைத் தாண்டி, பூர்வகுடிகளுக்கு நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்துவம் கேட்டு ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு மனு தயாரித்தார் கூப்பர். 1,814 கையெழுத்துகள். 1938இல் அரசாங்கம் அதை மன்னருக்கு அனுப்ப மறுத்துவிட்டது. அதே வருஷம் டிசம்பர் 6ஆம் தேதி, ஜெர்மனியில் யூதர்கள் மேல் நடந்த வெறியாட்டத்தைக் கண்டித்து மெல்போர்னிலிருந்த ஜெர்மன் தூதரகத்துக்கு ஒரு தீர்மானத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர்வலமாகப் போனார். உள்ளே விடவில்லை. தன் தேசத்திலேயே பிரஜையாக மதிக்கப்படாத கிழவர் இன்னொரு கண்டத்து ஜனத்துக்காகக் கதவைத் தட்டியிருக்கிறார். அந்த இருபதாம் நூற்றாண்டில் இதற்கு ஈடான காரியங்கள் அதிகமில்லை. 1939 பிப்ரவரியில், நிர்வாகத்தின் கொடுமை தாங்காமல் கம்மரகுஞ்சா ஜனங்கள் கூட்டமாக மரே நதியைக் கடந்து மறுகரைக்கு வெளியேறினார்கள். பள்ளிக்கூட மாணவர்களில் இன்னொருவர் டக்ளஸ் நிக்கல்ஸ்; 1976இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் கவர்னரானார். வாத்தியாரின் மகன் ஷாட்ராக் ஜேம்ஸும் பூர்வகுடிகளின் உரிமைக்காகப் பேசியவர், எழுதியவர். நிராகரிக்கப்பட்ட மனுக்கள், திறக்காத கதவுகள். எழுத்து அவர்களைக் காட்டிக்கொடுத்தது என்பது உண்மையானால், எழுத்தை விட்டால் அவர்கள் கையில் வேறெதுவும் இல்லை என்பதும் உண்மை.

1886இல் ஃபிஸ்க் ஜூபிலி பாடகர்கள் மாலோகாவுக்கு வந்தார்கள். அமெரிக்காவில் அடிமைகளாயிருந்து விடுதலையானவர்களின் சங்கீத பரம்பரை. எகிப்திலிருந்து அடிமைகள் தப்பியதையும் பார்வோனின் சேனை மூழ்கியதையும் சொல்லும் அவர்களுடைய பாட்டு யோர்ட்டா யோர்ட்டா மொழிக்கு வந்து, அந்த மொழி பேசுகிறவர்கள் அருகிப்போன பிறகும் பாடப்பட்டு வருகிறது. 2012இல் 'தி சஃபையர்ஸ்' படத்தில்கூட அது வருகிறது. யூதர்களின் கதை, கறுப்பர்களின் ராகம், மரே நதியின் சொற்கள். இதில் எது கலப்படம், எது அசல் என்று பின்னக் கணக்கு போடுகிறவன் போட்டுக்கொள்ளட்டும்.

பேரனின் தேடலையும் என்னுடைய அந்த இனிஷியல் கண்டுபிடிப்பையும் இப்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டும் ஒரே பதிவேட்டைத்தான் புரட்டுகின்றன. ஆனால் பேரன் பாட்டனைக் கண்டுபிடித்தபின் பூர்வகுடியாக இருப்பதை விட்டுவிடவில்லை. உபதலைப்பில் இரண்டு முன்னோரும் 'உம்' போட்டு நிற்கிறார்கள். கம்மரகுஞ்சாவில் புதைந்தவரை அவர் மோக்காவுக்குத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. நானோ அவரை அந்த மண்ணிலிருந்து தோண்டியெடுத்து இங்கே கொண்டுவரப் பார்த்தேன். என் கோரிக்கையில் நாமினி கையெழுத்து இல்லை.

அப்படியானால் தெற்கத்திக்காரருடைய கோரிக்கை எந்த வகை? இதில்தான் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் சித்தப்பாவை மறுபடி அந்தத் தெருவுக்கு இழுத்துப் போக வந்தவராக நடந்துகொள்ளவில்லை. பார்க்க வேண்டும், அவர்தானா என்று தெரிய வேண்டும், அவ்வளவே. விட்டுப்போனவரின் சுதந்திரத்தைக் காப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, அதே தெருவில் விட்டுப்போகாமல் இருந்துவிட்டவர்களின் நாற்பது வருஷம் என் கவுண்டருக்கு வெளியே நின்றுகொண்டிருந்திருக்கிறது. அதை நான் பார்க்கவே இல்லை. அந்த அம்மாள் பக்கத்தையும் நினைக்க வேண்டியிருக்கிறது. அவர் மணந்தது அந்தப் பெயரை. அவருக்கு அது 'என்கிற' இல்லாத பெயர். எல்லாம் தெரிந்தே மணந்தவரா, தெரியாமல் மணந்தவரா என்று கேட்க எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

அன்று போகும்போது அவர் குழுப்படத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். "அந்த அம்மா என்னைக்காவது தானா கேட்டாங்கன்னா குடுங்க சார். கேக்காட்டி வேண்டாம்." அது என் இழுப்பறையில், பழைய பாஸ்புக்குகளுக்கு அடியில் இருக்கிறது. குடும்ப பென்ஷன் வாங்க மாதத்தின் முதல் வாரத்தில் அந்த அம்மாள் வருகிறார். படிவத்தை நான்தான் நிரப்பிக் கொடுக்கிறேன். இன்னாரின் மனைவி என்ற இடத்தில் பெயரை எழுதும்போது அவர் குனிந்து, எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்.